கோபி எறிஞ்சது 24, கசோல் பிடிச்சது 18

நல்ல கூடைப்பந்து மட்ச் எது எண்டு கேட்டால் எங்கட பெடியள் உடன யூரியூப்பைத் திறந்து, பாஞ்சு பந்தைக் கூடைக்குள்ள திணிக்கிற டங்க் காட்சியளைக் காட்டுவாங்கள். நான் சொல்லப்போற மட்ச்சில அப்பிடிக் காட்டுறதுக்கு ஒண்டும் பெரிசா இல்லை. வெண்ட ரீம் எறிஞ்ச 83 பந்தில 27 தான் கூடைக்குள்ள விழுந்தது. அந்த ரீமின்ர பெரிய தலை, உலகமே கொண்டாடின கோபி பிரையன்ற், 24 தரம் எறிஞ்சு ஆறைத்தான் போட்டார். அந்த 24இல ஆறு எறி த்ரீ (தூரத்தில இருந்து எறியிற மூண்டு புள்ளி எறி), அதில ஒண்டுகூட விழேல்லை. முதல் கால்பாகம் முடியேக்க வெண்ட ரீமின்ர ஸ்கோர் 14. எங்கட பள்ளிக்கூட மட்ச் ஒண்டில இப்பிடி நடந்தால் மதிலில ஏறி இருந்து பாக்கிற பழைய மாணவர் எல்லாரும் இறங்கி வீட்டை போயிடுவினம்.

2010 யூன் 17, லொஸ் ஏஞ்சல்ஸ், என்பிஏ ஃபைனல்ஸ் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின்ர இறுதித் தொடர், முதல் நாலு மட்ச் வெல்லுற ரீமுக்குக் கிண்ணம்), ஏழாவது மட்ச். லேக்கர்ஸ் 83, பொஸ்ரன் செல்ரிக்ஸ் 79. அலங்கோலமான மட்ச் எண்டு அண்டைக்கே எழுதினவை கனபேர். எனக்கு அதைவிட வடிவான மட்ச் இன்னொண்டு இல்லை. அது ஏன் எண்டு விளங்கப்படுத்த முதல் நான் எங்க இருந்து பாக்கிற ஆள் எண்டு சொல்ல வேணும்.

நான் பெரிய விளையாட்டுக்காரன் இல்லை. பள்ளிக்கூட ரீமில பெஞ்சில இருந்தனான். பெஞ்சில இருக்கிறவனைத்தான் மாஸ்ரர் "போய் ஸ்கோர் எழுதடா" எண்டு மேசைக்கு அனுப்புவார். அப்பிடிப் போனவன் பிறகு பெஞ்சுக்குத் திரும்பி வரேல்லை. இண்டைக்கும் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட மட்ச், கழக மட்ச் எண்டால் மேசைக்கு என்னைக் கூப்பிடுவினம். ஒரு பிளேன்ரீயும் ரெண்டு பற்றிசும் தருவினம். அது காணும்.

ஸ்கோர் சீற் ஒரு தனி உலகம். முதலாம், மூண்டாம் கால்பாகத்துக்குச் சிவப்புப் பேனை. ரெண்டாம், நாலாம் கால்பாகத்துக்கு நீலம் இல்லாட்டிக் கறுப்பு. ரெண்டு புள்ளி போட்டால் ஸ்கோர் இலக்கத்துக்கு மேலால ஒரு சரிஞ்ச கோடு, பக்கத்தில போட்டவன்ர ஜேர்சி நம்பர். த்ரீ எண்டால் அந்த நம்பரைச் சுத்தி ஒரு வட்டம். ஃப்ரீத்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற ஒரு புள்ளி எறி) விழுந்தால் நிரப்பின பொட்டு. ஃபவுலுக்கு ஆளுக்கு அஞ்சு கட்டம். (என்பிஏயில ஆறு ஃபவுல் மட்டும் விடுவாங்கள், மட்ச்சும் எங்கட மாதிரி 40 நிமிசம் இல்லை, 48.) ரைம் அவுட்டுக்குக் கட்டம், ரீம் ஃபவுலுக்குக் கட்டம், கப்டன் முறைப்பாடு எண்டு வந்தால் கையெழுத்து வைக்க அடியில ஒரு கோடு. எல்லாம் இருக்குது. ரீபவுண்டுக்கு மட்டும் அந்த முழுத் தாளிலயும் ஒரு கட்டம் கிடையாது. றிங்கில பட்டுத் திரும்பி வாற பந்தை ரெண்டு பேரின்ர முழங்கைக்கு நடுவால பாஞ்சு பிடிக்கிறவனைப் பற்றி ஸ்கோர் சீற்றுக்கு ஒண்டும் தெரியாது. அவன் மட்ச் முழுக்க 20 பந்து பிடிச்சிருந்தாலும், கூடைக்குள்ள ஒண்டும் போடாட்டி, அவன்ர பேருக்கு நேர மிஞ்சிறது ஃபவுல் மட்டும்தான்.

இந்த மனக்குறை இருக்கிற ஆளுக்கு 2010 ஃபைனல்ஸ் எண்டது திருவிழா.

லேக்கர்ஸ் - செல்ரிக்ஸ் கதை தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்லுறன். ஃபைனலில முதல்முதல் சந்திச்சது 1959இல. அப்ப லேக்கர்ஸ் மினியாபொலிஸ் ரீம், நாலுக்குப் பூச்சியம் எண்டு அடி வாங்கினவை. அதில இருந்து 1984 மட்டும் எட்டுத் தரம் சந்திச்சு எட்டுத் தரமும் பொஸ்ரன்தான். லேக்கர்ஸ் முதல்முதல் வெண்டது 1985இல. அதுவும் முதல் மட்ச்சில 148–114 எண்டு வாங்கிக் கட்டினாப் பிறகு. ரெண்டு வருசத்தால, 1987இல, திரும்பவும் வெண்டவை. லேக்கர்ஸில மஜிக் ஜோன்சன், பொஸ்ரனில லரி பேர்ட் காலம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கினம், நான் விடுறன்.

ஆனால் 1969ஐ விட்டிட்டுப் போக ஏலாது. அதுவும் ஏழாவது மட்ச், அதுவும் லொஸ் ஏஞ்சல்ஸில. லேக்கர்ஸின்ர முதலாளி ஜக் கென்ட் குக், தாங்கள்தான் வெல்லுவம் எண்டு அரங்கக் கூரைக்குக் கீழ ஆயிரக்கணக்கில பலூன் கட்டி வைச்சிருந்தார். வெண்டாப் பிறகு அவிட்டு விடுறதுக்கு. கலியாணத்துக்கு முதலே பந்தியில இலை போட்ட மாதிரி. பொஸ்ரன் 108–106 எண்டு வெண்டுது. கடைசி நேரத்தில டொன் நெல்சன் எறிஞ்ச பந்து றிங்கின்ர பின்பக்கத்தில பட்டு, நேர மேல கிளம்பி, திரும்பி அந்தக் கூடைக்குள்ளயே வந்து விழுந்தது. லேக்கர்ஸின்ர ஜெரி வெஸ்ற் அண்டைக்கு 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ற் (மற்றவன் கூடைக்குள்ள போடுறதுக்குக் குடுத்த பந்து). தோத்த ரீமில இருந்து ஃபைனல்ஸ் எம்விபி (தொடரின்ர திறமான ஆள்) விருது வாங்கின ஆள் இண்டைக்கு மட்டும் அவர் ஒருத்தர்தான். அந்த விருது குடுக்கத் தொடங்கினதே அந்த வருசம்தான். பொஸ்ரனின்ர பில் ரசல் 13 வருசம் விளையாடி 11 கிண்ணம் எடுத்திட்டு அத்தோட ஓய்ஞ்சார். பலூன் மேலயே இருந்தது.

பிறகு 2008. பொஸ்ரனுக்குக் கெவின் கார்னெற்றும் ரேய் அலனும் வந்து சேர, ஏற்கெனவே இருந்த போல் பியேர்ஸோட மூண்டு பெரிய தலை ஆச்சுது. நாலாவது மட்ச்சில 24 புள்ளி பின்னால நிண்டு, அதுவும் லொஸ் ஏஞ்சல்ஸில வைச்சு, வெண்டவை. ஆறாவது மட்ச்சில 131–92 எண்டு கிண்ணத்தையும் எடுத்தவை. அப்ப லேக்கர்ஸின்ர ஸ்பெயின் நாட்டுக்காரன் பாவ் கசோலை எல்லாரும் சேர்ந்து கிழிச்சவை. மெத்து, பயந்தவன், உடம்பு முட்டினால் ஒதுங்கிறவன் எண்டு.

என்ர பெரியம்மாவின்ர மகன் ஒருத்தர் கனடாவில, ஸ்காபறோவில இருக்கிறார். 80களில போனவர். ரொறன்ரோவுக்கு ரப்ரர்ஸ் ரீம் வந்தது 1995இல தானே. அதுக்கு முதல் போன ஆக்கள் ஆளுக்கொரு ஊர் ரீமைப் பிடிச்சுக்கொண்டினம். இவர் பிடிச்சது பொஸ்ரன். பேர்ட் விளையாடினதைப் பாத்த கண் எண்டு இண்டைக்கும் சொல்லுவார். பெரியண்ணாவுக்கு வாயில வேற ரீம் நுழையாது. 2008 முடிஞ்ச உடன ரெலிஃபோன் எடுத்து "உன்ர கசோல் வாழைத்தண்டு மாதிரிக் கிடக்கிறானடா" எண்டு சொல்லிச் சிரிச்சவர். எனக்குக் கசோலைப் பிடிக்கும் எண்டு அவருக்குத் தெரியும். ஏன் பிடிக்கும் எண்டால், றிங்கில படுற பந்து எந்தப் பக்கம் திரும்பும் எண்டு அந்த மனிசனுக்கு முதலே தெரியும் போல கிடக்கும். அது ஒரு கணக்கு. நான் ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு எழுதுற ஆள். கணக்குத் தெரிஞ்சவனைக் கண்டால் பிடிக்கும்.

2010 எண்டால் சண்டை முடிஞ்சு ஒரு வருசம். ஏ9 பாதை திறந்து, தெற்கில இருந்து பஸ் பஸ்ஸாய்ச் சனம் நயினாதீவுக்கும் நல்லூருக்கும் வந்துகொண்டிருந்த நேரம். லக்ஸபான கரண்ட் இன்னும் எங்களுக்கு வரேல்லை, சுன்னாகத்து டீசல் மெசின்தான். எப்ப நிக்கும் எண்டு அதுக்கே தெரியாது. எங்கட வீட்டு ரிவியில என்பிஏ வராது. அதனால அந்த ஃபைனல்ஸ் முழுக்க நான் ஒரு சின்ன நோக்கியா போனிலதான் வாசிச்சன். ஓம், வாசிச்சன். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி எழுத்தில வரும். ரெண்டு பெருவிரல் அகலத் திரையில நாலு வரிதான் தெரியும். பிறகு ரிஃப்ரெஷ் குடுக்க வேணும், ஜிபிஆர்எஸ் வட்டம் சுத்தும், காசு கழியும்.

அமெரிக்காவின்ர கிழக்குக் கரையில இரவு ஒன்பது மணி எண்டால் எங்களுக்கு அடுத்த நாள் காலமை ஆறரை. எழும்பி, முகம் கழுவி, கிணத்தடியில நிண்டுகொண்டே தொடங்கலாம்.

அப்பிடி வாசிச்சதாலதான் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. ரிவியில பாக்கிறவன்ர கண் பந்தோட போகும். எறிஞ்சவன்ர கை, பந்தின்ர வளைவு, கூடை. பந்து விழாட்டி ஒரு "ச்சே". அதுக்குப் பிறகு ஆர் பிடிச்சது எண்டு ஆருக்கும் ஞாபகம் இராது. ஆனால் எழுத்தில வரேக்க மிஸ் ஒரு வரி எண்டால் ரீபவுண்டும் ஒரு வரி. ரெண்டும் ஒரே அளவு எழுத்து. பிரையன்ற் மிஸ். கசோல் ஒஃபென்சிவ் ரீபவுண்ட். பிரையன்ற் மிஸ். ஆர்ட்டெஸ்ற் ஒஃபென்சிவ் ரீபவுண்ட். (ஆர்ட்டெஸ்றும் லேக்கர்ஸ் ஆள்தான். ஒஃபென்சிவ் ரீபவுண்ட் எண்டால் தங்கட ரீம் எறிஞ்சு விழாத பந்தைத் தாங்களே பிடிக்கிறது.) எங்கட ஸ்கோர் சீற்றில இல்லாத அந்தக் கட்டம் இந்தச் சின்னப் போனில இருந்தது.

முதல் அஞ்சு மட்ச்சையும் ஓடிச் சொல்லுறன். முதலாவது லேக்கர்ஸ், 102–89. ரெண்டாவதில ரேய் அலன் எட்டு த்ரீ போட்டார். அது அப்ப ஃபைனல்ஸ் சாதனை, அதில ஏழு முதல் பாதியிலயே விழுந்தது. பொஸ்ரன் 103–94. ரெண்டு நாள் கழிச்சு மூண்டாவது மட்ச். அதே ரேய் அலன், அதே கை, 13 தரம் எறிஞ்சு ஒண்டும் இல்லை. பெரியண்ணா அண்டைக்குப் போனில "கண்ணூறு பட்டுட்டுது, கண்ணூறு பட்டுட்டுது" எண்டு புலம்பினவர். கடைசிக் கால்பாகத்தில டெரெக் ஃபிஷர் எண்ட வயசு போன மனிசன் 11 புள்ளி போட, லேக்கர்ஸ் 91–84. நாலாவதில பொஸ்ரனின்ர மாற்றுக்காரர் புகுந்து விளையாடிச்சினம். க்ளென் டேவிஸ் எண்ட உருண்டைப் பெடியன் 18 புள்ளி. 96–89. அஞ்சாவதில கோபி 38 போட்டும் பொஸ்ரன் 92–86. அந்தக் காலத்தில 2-3-2 முறை, நடு மூண்டு மட்ச்சும் ஒரே ஊரில. பொஸ்ரனில மூண்டில ரெண்டை வெண்டு, மூண்டுக்கு ரெண்டு எண்டு முன்னால நிண்டுகொண்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பிச்சினம். இன்னும் ஒண்டு காணும்.

ஆறாவது மட்ச், முதல் கால்பாகம். பொஸ்ரனின்ர சென்ரர் கென்ட்ரிக் பேர்க்கின்ஸ் ரீபவுண்டுக்குப் போய், வலது முழங்கால் மடங்கி, தூக்கிக்கொண்டு போட்டினம். தசைநார் அறுந்தது. அண்டைக்கு லேக்கர்ஸ் 89–67, மூண்டுக்கு மூண்டு. ஏழாவதுக்கு அவர் இல்லை.

பேர்க்கின்ஸ் எண்டவர் பெரிசாய்ப் புள்ளி போடுற ஆள் இல்லை. அவர்ர வேலை முதுகால மறிக்கிறது. எதிரியை கூடைக்குக் கீழ வர விடாமல் சுவர் மாதிரி நிக்கிறது. அந்தச் சுவர் போனால் என்ன நடக்கும் எண்டு விளங்குற ஆக்களுக்கு அண்டைக்கே விளங்கியிருக்கும்.

ஏழாவது மட்ச் எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலமை. முதல் பாதி முடிய பொஸ்ரன் 40–34. மூண்டாவது கால்பாகத்தில 13 புள்ளி முன்னால போட்டுது. நான் அந்த நேரம் சைக்கிளை ஆரியகுளத்தடியில நிப்பாட்டிப் போட்டு ரிஃப்ரெஷ் குடுத்தன். பிரையன்ற் மிஸ், பிரையன்ற் மிஸ். பெரியண்ணா எடுத்தார். ரிவிக்கு முன்னால இருக்கிற மனிசன், என்ர போனில வரி வர முதலே அவருக்குத் தெரியும். "முடிஞ்சுது தம்பி, நீ போய்க் கடையைத் திற" எண்டார். பின்னால அண்ணி தேத்தண்ணி வைக்கிற சத்தம் கூடக் கேட்டது.

கடையைத் திறந்தம். வெள்ளிக்கிழமை எண்டபடியால் முதலாளி சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆணிப் பெட்டி, பெயின்ற் றாக்கை, பிவிசி குழாய்க் கட்டு எல்லாத்துக்கும் காட்டிக்கொண்டு வாறார். நான் கல்லாவுக்குக் கீழ போனைப் பிடிச்சுக்கொண்டு, புகையால கண் எரிய எரிய நாலாவது கால்பாகம். 57–53, பொஸ்ரன் இன்னும் நாலு முன்னால. வரி வரியாய் வருது. மிஸ். ஒஃபென்சிவ் ரீபவுண்ட். ஃபவுல். ஃப்ரீத்ரோ. மிஸ். ஒஃபென்சிவ் ரீபவுண்ட். ஆறு நிமிசம் சொச்சம் இருக்கேக்க ஃபிஷர் ஒரு த்ரீ, 64–64. அதோட பெரியண்ணாவின்ர கோல் வாறது நிண்டுது.

ஒரு நிமிசம் இருக்கேக்க ரொன் ஆர்ட்டெஸ்ற் ஒரு த்ரீ போட்டார். அவரை எறிய விட்டால் நல்லது எண்டு எல்லாரும் விட்டு வைக்கிற ஆள். அண்டைக்கு 20 புள்ளி, அஞ்சு ஸ்ரீல் (எதிரியிட்டப் பறிச்ச பந்து). 79–73. ரேய் அலன் உடன ஒரு த்ரீ திருப்பிக் குடுத்தார், 79–76. அடுத்ததுதான் நான் சொல்ல வந்தது. கோபி ஒரு த்ரீ எறிஞ்சார், மிஸ். அந்தப் பந்து பொஸ்ரனுக்குப் போயிருந்தால் ஒரு எறியில சமன். கசோல் பாஞ்சு பிடிச்சார். பிடிச்சுத் திரும்பக் கோபியிட்டக் குடுக்க, அவருக்கு ஃபவுல், ரெண்டு ஃப்ரீத்ரோவும் உள்ள. 81–76. பிறகு பொஸ்ரனின்ர ரொண்டோ த்ரீ, 81–79. லேக்கர்ஸின்ர சாஷா வூயசிச் எண்ட பெஞ்சுக்காரன் வந்து ரெண்டு ஃப்ரீத்ரோ, 83–79. அவ்வளவுதான்.

"என்னடா, ஆருக்கு என்ன?" எண்டு முதலாளி கேட்டார். நான் எழும்பி நிண்டிருக்கிறன் போல.

மத்தியானம் ஆள் குறைஞ்ச நேரம் பில் கொப்பியின்ர பின்பக்கத்தில அந்த மட்ச்சின்ர கணக்கைப் போட்டுப் பாத்தன். கூடைக்குள்ள போட்டது: பொஸ்ரன் 29, லேக்கர்ஸ் 27. அதில த்ரீ: பொஸ்ரன் 6, லேக்கர்ஸ் 4. அதாவது எறிஞ்சு போட்ட புள்ளியில பொஸ்ரன் 64, லேக்கர்ஸ் 58. எறிஞ்ச வீதம் எடுத்தாலும் பொஸ்ரன்தான் திறம், 71க்கு 29. லேக்கர்ஸ் 83க்கு 27, மூண்டில ஒண்டுகூட இல்லை. எல்லாத்திலயும் பொஸ்ரன் மேல. பிறகு எப்பிடித் தோத்தது? லேக்கர்ஸுக்கு 12 எறி கூடக் கிடைச்சிருக்குது. 37 ஃப்ரீத்ரோ கிடைச்சிருக்குது, பொஸ்ரனுக்கு 17. அந்த 12 எறியும் வானத்தில இருந்து விழேல்லை. ஒஃபென்சிவ் ரீபவுண்ட் லேக்கர்ஸ் 23, பொஸ்ரன் 8. தாங்கள் எறிஞ்சு விழாத பந்தைத் தாங்களே 23 தரம் திரும்ப எடுத்திருக்கினம். கசோல் 18 ரீபவுண்ட், அதில பாதி ஒஃபென்சிவ். 24க்கு 6 எறிஞ்ச கோபியும் சும்மா நிக்கேல்லை, 15 ரீபவுண்ட். கூடைக்குத் தூர நிண்டு விளையாடுற ஒரு கார்ட் 15! மறுபக்கம் கார்னெற் எண்ட அவ்வளவு பெரிய மனிசன் 3.

இன்னொண்டும் சொல்லுறன். அந்த ஏழு மட்ச்சிலயும், ஒண்டு விடாமல், ஆர் ரீபவுண்ட் கூடப் பிடிச்சினமோ அவைதான் வெண்டவை. ஏழுக்கு ஏழு. நம்பாட்டி எடுத்துப் பாருங்கோ.

எம்விபி விருதைக் கோபிக்குக் குடுத்தினம். அந்த விருது பில் ரசலின்ர பேரில இருக்கிறது. பொஸ்ரன்காரன்ர பேர் பொறிச்ச கிண்ணம் லேக்கர்ஸ்காரன்ர கையில. தொடர் முழுக்கப் பாத்தால் கோபிக்குக் குடுத்தது பிழை எண்டு சொல்லமாட்டன். ஆனால் ஏழாவது மட்ச்சுக்கு மட்டும் தனியா ஒண்டு குடுக்கிறது எண்டால் அது கசோலுக்கு. வாழைத்தண்டு எண்டு பேர் வாங்கின அதே ரீமுக்கு எதிராய், அதே ஃபைனல்ஸில.

ஆர்ட்டெஸ்ற் மட்ச் முடிஞ்ச உடன ரிவியில தன்ர மனநல வைத்தியருக்கு நன்றி சொன்னார். பெரியண்ணா அதைப் பகிடியாய்த்தான் சொன்னார். எனக்குப் பகிடியாய்ப் படேல்லை. 2010இல எங்கட ஊரில வீட்டுக்கு வீடு நித்திரை இல்லாத ஆக்கள். ஆனால் அந்தக் கிளினிக்குக்குப் போறதெண்டால் தெரிஞ்ச முகம் வராத ஒழுங்கையாய்ப் பாத்துத்தான் போவினம். கிண்ணம் வெண்ட மனிசன் கோடிக்கணக்கான சனத்துக்கு முன்னால, மறைக்காமல், அதைச் சொல்லுறார். பிறகு அந்த வெற்றி மோதிரத்தையே குலுக்கலில விட்டு வந்த காசை மனநல வேலைக்குக் குடுத்தவர். அண்டையில இருந்து ஆர்ட்டெஸ்றைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும் நான் விட்டுக் குடுக்கிறேல்லை.

பெரியண்ணாவின்ர வழக்கு இண்டைக்கும் ஒண்டுதான்: பேர்க்கின்ஸ் நிண்டிருந்தால் பொஸ்ரன் வெண்டிருக்கும். நான் மறுக்கிறேல்லை. நிண்டிருந்தால் அந்த 23, பதினஞ்சாய்ப் போயிருக்கலாம். நாலு புள்ளி வித்தியாசம் தானே. ஆனால் அவர் கவனிக்காத ஒண்டு, அந்த வழக்கே என்ர கட்சிக்குத்தான் சாட்சி. காயப்பட்டது புள்ளி போடுற ஆள் இல்லை, பந்து பிடிக்கிற ஆள். ரேய் அலன் அண்டைக்கு 14க்கு 3 எறிஞ்சதை அவர் ஒருநாளும் காரணமாய்ச் சொன்னதில்லை. ரெஃபரியளையும் சொல்லுவார், 37க்கு 17 எண்டு. மேசையில இருக்கிற ஆள் ரெஃபரியைப் பற்றிக் கதைக்கக் கூடாது. ஆனால் இவ்வளவு சொல்லலாம்: கூடைக்குக் கீழ ஆர் கூடத் தரம் பந்தோட நிக்கிறானோ அவனுக்குத்தான் கூட ஃபவுல் விழும். எல்லா ஊரிலயும் அப்பிடித்தான்.

எங்கட பக்கத்தில கோபியை எல்லாருக்கும் தெரியும். 24 போட்ட மஞ்சள் ஜேர்சி இல்லாத கோர்ட் கிடையாது. பேர் எங்கட பேர் மாதிரிக் கிடக்கிறதால சின்னப் பெடியள் "கோபி அண்ணை" எண்டு ஏதோ அடுத்த ஒழுங்கை ஆள் மாதிரிச் சொல்லுவாங்கள். 2020 ஜனவரியில அவர் ஹெலியில விழுந்து செத்த செய்தி வந்த நேரம் சில பெடியள் கோர்ட்டுக்கு வந்து பந்தைத் தொடாமல் இருந்திட்டுப் போனவங்கள். கசோலின்ர 16 போட்ட ஜேர்சி ஒண்டை நான் இந்த ஊரில இன்னும் காணேல்லை.

அதுக்காக நான் மேசையில ஸ்கோர் சீற்றுக்குப் பக்கத்தில ஒரு சீஆர் கொப்பி வைச்சிருக்கிறன். சட்டத்தில இல்லை, ஆரும் கேக்கவும் இல்லை. கையில நேரம் கிடைக்கிற நேரம் ரீபவுண்டுக்கு ஒரு கோடு. உதவியாள் நல்ல ஆள் எண்டால் முழு மட்ச்சும் எழுதுப்படும். யூனில சோளகம் அடிக்கேக்க எங்கட திறந்த கோர்ட்டுகளில அந்தக் கொப்பிக்கு நல்ல வேலை. கையில இருந்து போன பந்தைக் காத்து நடுவழியில ஒரு சாண் தள்ளும். தெற்குப் பக்கக் கூடைக்கு எறிஞ்சால் குறைஞ்சு விழும், வடக்குப் பக்கம் எண்டால் போர்ட்டையும் தாண்டும். மிஸ்ஸுக்குக் குறைவில்லை.

கிட்டடியில ஒரு பெண்பிள்ளையளின்ர மட்ச். வலிகாமப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டு, 9ஆம் நம்பர். உயரம் இல்லை. மற்றப் பிள்ளையள் எறிஞ்ச உடன எல்லாரும் மேல பாப்பினம். இவ பாக்கிறது எதிரிப் பிள்ளையின்ர வயித்துப் பெல்ற் இடத்தை. அது எந்தப் பக்கம் அசையுதோ அந்தப் பக்கம் ஒரு கால் வைச்சு, திரும்பி, முதுகை அதின்ர நெஞ்சில சாத்தி, குந்துற மாதிரி இடுப்பைப் பதிச்சு, ரெண்டு முழங்கையும் அகட்டி நிப்பா. அதுக்குப் பிறகுதான் தலையைத் தூக்கிப் பந்து எங்க எண்டு பாப்பா. பந்து அனேகமாய் அவவின்ர கைக்குத்தான் வரும், ஏனெண்டால் வாற இடத்தில வேற ஆள் நிக்க இடம் இல்லை. சீமேந்துத் தரையில ரெண்டு தரம் விழுந்து முழங்கை உரஞ்சினது. துப்பலைத் தொட்டுப் பூசிப்போட்டு ஓடினா. ஸ்கோர் சீற்றில அவவுக்கு ரெண்டு புள்ளி, நாலு ஃபவுல். கொப்பியில 17 கோடு.

மட்ச் முடிய அவையின்ர மாஸ்ரர் கையெழுத்துக்கு வந்து, கொப்பியைக் கண்டு, "உதென்ன அண்ணை?" எண்டார். காட்டினன். வாசிச்சிட்டு ஒண்டும் சொல்லேல்லை, போனால படம் எடுத்துக்கொண்டு போனவர். அடுத்த சுற்றில பாத்தால் அந்தப் பிள்ளை முழு 40 நிமிசமும் கோர்ட்டில.

2024இல பொஸ்ரன் டலஸை வெண்டு 18ஆவது கிண்ணம் எடுத்தது. அதுவும் யூன் 17. 2008இலயும் யூன் 17 தான், லேக்கர்ஸ் வெண்ட 2010இலயும் யூன் 17. இது என்ன கோதாரித் திகதியோ. எங்களுக்கு அடுத்த நாள் காலமை, நான் கடைக்கு வெளிக்கிட முதல் பெரியண்ணா வீடியோ கோலில. அறுபது தாண்டின மனிசன் பச்சை ஜேர்சி போட்டுக்கொண்டு கதிரையில ஏறி நிக்கிறார்.

"பாத்தியோடா, 18! உங்கடை 17!"

"வாழ்த்துக்கள் அண்ணா. ரீபவுண்ட் எத்தினை?"

அண்ணிதான் போனை வாங்கி, "தம்பி, உந்தக் கதையை இப்ப எடுக்காதையும், மனிசன் கதிரையால விழப்போகுது" எண்டா.